சியன்னா பின்னாடி கேம்பிங் ட்ரெய்லர் கட்டலாமா?

கேள்வி: அண்ணா, நாங்க சான் ஹோசேல இருக்கோம், 2022 டொயோட்டா சியன்னா வேன் வச்சிருக்கோம். சம்மருக்கு ஊர்லேர்ந்து அம்மா அப்பா வர்றாங்க, பசங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஆறு பேரா லேக் டாஹோ போலாம்னு ஒரு யூஸ்டு ட்ரெய்லர் பாத்தோம். டிரை வெயிட் 2,900 பவுண்டு, உங்க வேன் 3,500 இழுக்கும், தாராளமா போதும்னு டீலர் சொல்றார். வாங்கலாமா?

பதில்: அந்த ட்ரெய்லர் வேண்டாம் தம்பி. டீலர் சொன்ன ரெண்டு நம்பரும் பொய் இல்ல, ஆனா டிரை வெயிட்டுன்னா ஒண்ணுமே ஏத்தாத காலி டப்பா. தண்ணி ஒரு கேலன் 8.3 பவுண்டு, 30 கேலன் ரொப்பினாலே 250 ஆச்சு, அப்புறம் பேட்டரி, கேஸ் சிலிண்டர், துணிமணி, நம்ம வீட்டு கணக்குல குக்கர், இட்லி பாத்திரம், அரிசி மூட்டைன்னு (சிரிக்காதீங்க, நானே கிரைண்டர் எடுத்துட்டு போனவன்) எல்லாம் ஏத்தினா 3,500ஐ தாண்டிடும்.

அதைவிட முக்கியம் டங் வெயிட், அதாவது ட்ரெய்லர் மூக்கு உங்க ஹிட்ச் (வேன் பின்னாடி ட்ரெய்லரை மாட்டுற இரும்பு கொக்கி) மேல அழுத்துற எடை. மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம் மூக்குல இருக்கணும், குறைஞ்சா ஃப்ரீவேல ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சிடும். இந்த மாதிரி வேனுக்கு டங் லிமிட் வழக்கமா 350தான். 3,500ல 12 சதவீதம் போட்டு பாருங்க, 420 வருது! அதனால டங் 350ஐ தாண்டாம இருக்க நிஜத்துல லோடோட 2,900க்குள்ள நிக்கணும். வெளியில வாங்கி மாட்டுற ஹிட்ச்ல 5,000ன்னு போட்டிருக்கும், அதை நம்பாதீங்க, அது இரும்போட பலம், வேனோட பலம் இல்ல.

இன்னொண்ணு, டிரைவர் கதவை திறந்தா ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேர்ந்து இவ்ளோதான்னு. உங்களுது 1,200ன்னு வச்சுக்கோங்க, ஆறு பேர் ஒரு 750, டங் 350, முடிஞ்சது, பெட்டி வைக்க 100தான் மிச்சம். யாரையும் ட்ரெய்லர்ல உக்கார வச்சு கூட்டிட்டு போகவும் முடியாது, கலிஃபோர்னியா சட்டம் விடாது.

டாஹோக்கு ஐ-80ல போனா டானர் சம்மிட் 7,200 அடிக்கு மேல, உங்க வேன் மாதிரி டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஏற ஏற சக்தி குறையும், நிமிர்ந்து நிக்கிற ட்ரெய்லர்னா காத்து வேற பின்னாடி இழுக்கும். அதனால மடக்கி வைக்கிற பாப்-அப் பாருங்க, டிரை 1,800 - 2,000க்குள்ள. 1,500 பவுண்டு தாண்டினா ட்ரெய்லருக்கு தனி பிரேக் வேணும், எலக்ட்ரிக் பிரேக்னா வேன்ல அதை இயக்குற கன்ட்ரோலர், வயரிங் செலவு இருக்கு, அதையும் பேரம் பேசும்போதே கணக்குல வச்சுக்கோங்க. ட்ரெய்லர் கட்டினா ஸ்பீடு 55தான், மறந்துடாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வீக்கெண்டுக்கு பாப்-அப் வாடகைக்கு எடுங்க, ட்ரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்னு எடை மேடை இருக்கும், ஃபுல் லோடோட ஏத்தி எடை பாருங்க. அம்மா அப்பாவுக்கு அதுல தூக்கம் வருதான்னும் அப்பவே தெரிஞ்சிடும்.