கடற்சுழிகளை அளப்பது எதற்கு?

கேள்வி: பவானி கூடுதுறையில் நீர் சுழித்தோடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடலிலும் பெருஞ்சுழிகள் உண்டு என்றும், அவற்றை அளக்கக் கருவிகளை மிதக்கவிடுகிறார்கள் என்றும் படித்தேன். செயற்கைக்கோள்கள் இருக்கும்போது இது ஏன்? கடலே இல்லாத கொங்கு நாட்டுக்கு இதனால் பயன் உண்டா?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கூடுதுறைச் சுழியில் சிக்கிய வாழைச் சருகு நான்கைந்து சுற்றுச் சுற்றிவிட்டு ஆற்றோடு போய்விடும். வங்கக் கடலின் சுழியோ 100, 200 கிலோமீட்டர் அகலம் கொண்டது. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நிலைத்திருக்கும். நம் அரைக்கோளத்தில் வலஞ்சுழியின் நடுவே வெதுவெதுப்பான நீர் குவிந்து கடல்மட்டம் சற்றே மேடாகும். இடஞ்சுழியில் மட்டம் தாழ்ந்து, அடியிலுள்ள குளிர்நீர் மேலேறும். இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கி 2013-இல் ஏவப்பட்ட சரல் செயற்கைக்கோள் இந்த மேடுபள்ளத்தைத்தான் அளந்தது. ஆனால் அந்த வெதுவெதுப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வானிலிருந்து நேரடியாகக் காண முடியாது.

அதற்குத்தான் ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதக்கின்றன. ஏறக்குறைய ஆளுயரமுள்ள இந்த உருளை 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டம் இழுத்த போக்கில் சென்று, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கும். பின்பு தன்னுள் இருக்கும் எண்ணெயை வெளிப்பக்கப் பைக்குள் தள்ளியதும், எடை மாறாமல் பருமன் மட்டும் கூடுவதால் மெல்ல எழும்பி, வழிநெடுக வெப்பத்தையும் உப்பையும் பதிந்து, மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிடும். சென்ற முறை எழுந்த இடத்திலிருந்து இம்முறை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு ஆழ்கடல் நீரோட்டத்தின் வேகத்தையும் திசையையும் கணக்கிடுகிறார்கள். இவ்வளவு எளிய ஏற்பாட்டில் இவ்வளவு செய்தி கிடைப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

புயற்காற்று கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்நீர் மேலே வந்து புயலைத் தளர்த்துவது வழக்கம். ஆழம் வரை வெதுவெதுப்பான சுழியின் மேல் அது செல்லும்போது, எவ்வளவு கலக்கினாலும் குளிர்நீர் எளிதில் எட்டாததால், தளர வேண்டிய புயல் வலுக்கிறது. 2009 மே மாதத்தில் ஐலா புயல் இவ்வாறு வலுத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். கடலின் போக்கை முன்கூட்டிக் கணிக்கும் கணினி மாதிரியில் சுழியின் இருப்பிடத்தைத் தவறாகக் கொடுத்துத் தொடங்கினால், அடுத்த நாட்களின் கணிப்பும் இடம் பிசகும்; ஆகவேதான் ஹைதராபாதின் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) போன்ற நிறுவனங்கள் புதிய அளவீடுகளை இடைவிடாமல் மாதிரிக்குள் சேர்க்கின்றன.

நாளை கோபியில் மழை பெய்யுமா என்பதை இந்த அளவீடு மட்டுமே சொல்லிவிடாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம் மானாவாரிக் காடுகளுக்கு வரும் மழையில் பெரும்பங்கு வங்கக் கடலின் தாழ்வுநிலைகளால் வருவது. அவற்றுக்கு அடியில் கடல் எவ்வளவு வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்கிறது என்பதைத்தான் அந்த மிதவைகள் அளந்து சொல்கின்றன.