விலை விழுந்த ஆண்டில் பிறந்த சங்கம்

மகளுக்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கப் பொறியியல் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஆனால், உலோக விலை இறங்கி கம்பெனிகள் ஆட்களைக் குறைக்கின்றன என்று படித்ததிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. பயம் நியாயம்தான். இந்தத் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். அதை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால், அங்குள்ள சுரங்கப் பொறியாளர்களின் சங்கம் (இன்றைய பெயர் AusIMM) எப்போது தொடங்கியது என்று பாருங்கள்.

1893. ஏப்ரல், மே மாதங்களில் அந்நாட்டு வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. ஜூன் மாதம், தனியார் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை இந்தியா நிறுத்தியதும் வெள்ளி விலை சரிந்தது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் என்ற ஊரின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு அது பெரிய அடி. அதே ஆண்டில்தான் அடிலெய்டு நகரில் அந்தச் சங்கம் உருவானது. அப்புறம் புரோக்கன் ஹில்லில் எளிதில் உருக்கக்கூடிய மேல்தாது தீர்ந்துகொண்டே வந்தது. துத்தநாகத்தைப் பிரிக்கத் தெரியாமல் கழிவோடு மலைபோல் குவித்து வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கேயே, தாதுத் தூளை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் நுரை மிதப்பு முறை வளர்ந்தபோது அந்தக் குவியலே பணமாயிற்று.

இன்னொரு சரிவைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும், அது உங்கள் மகளின் வேலையை நேராகத் தொடுகிறது. 1969 செப்டம்பரில் ஒரு டாலருக்கும் குறைவாக விற்ற பொஸைடன் நிக்கல் கம்பெனியின் பங்கு, 1970 பிப்ரவரியில் 280 டாலரைத் தொட்டு, பிறகு விழுந்தது. நம்பிப் பணம் போட்டவர்கள் நொந்துபோனார்கள். தாது இருப்பை யார், எப்படி அறிவிக்கலாம் என்று வரையறுக்க 1971இல் ஒரு குழு அமைந்தது. சங்கமும் அதில் சேர்ந்து உழைத்தது. 1989இல் அந்தக் குழுவின் ஜோர்க் (JORC) விதிமுறை வெளியானது. இன்று அதன்படி தாது மதிப்பீட்டுக்குப் பொறுப்பேற்பவர், அந்தச் சங்கத்திலோ அதுபோல் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிலோ உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த வகைத் தாதுவில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமும் வேண்டும்.

சரி, மகள் என்ன செய்யலாம்? முதல் ஆண்டிலேயே மாணவர் உறுப்பினராகச் சேரட்டும், கடைசி ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். கூட்டங்களுக்குப் போய், முந்தைய சரிவில் வேலை இழந்தவர்களைத் தேடி, அந்த இரண்டு மூன்று ஆண்டுகளை எப்படி ஓட்டினார்கள் என்று கேட்கட்டும். பாறை எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது உடையும் என்று ஆராயும் பாறை இயக்கவியலை ஆழமாகப் படிக்கச் சொல்லுங்கள். சுரங்கத்தில் வேலை இல்லாத ஆண்டிலும் ரயில் பாதைக்கும் சாலைக்கும் குகை தோண்டுகிற இடத்தில் அந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு.