விரல் நோவுக்கு முன்னங்கையைப் பாருங்கள்

கேள்வி: சுன்னாகத்தில் தையல் வேலை. பின்னேரமானால் மணிக்கட்டு முதல் விரல் நுனிவரை உளைகிறது. மணிக்கட்டைப் பிசைந்தால் கொஞ்ச நேரம் சுகம், பிறகு பழையபடி. எப்படி உருவ வேண்டும்?

பதில்: மணிக்கட்டில் பிசைவதற்குத் தசை இல்லை. அங்கே ஓடுபவை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள். விரல்களை மடக்கி விரிக்கும் பெரிய தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன. முஷ்டியை இறுக்கித் தளர்த்துங்கள், முழங்கைக்குச் சற்றுக் கீழே அவை எழும்பி அடங்குவது தெரியும். உருவ வேண்டிய இடம் அதுதான்.

மடித்த துவாயின் மேல், உள்ளங்கை மேலே பார்க்கக் கையை வையுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 3 நிமிடம் ஒத்தடம். நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். கூடினால் விரல் வழுக்கித் தசை பிடிபடாது. முதலில் உள்ளங்கையால் மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கிப் பத்துத் தடவை மெல்ல நீவுங்கள். பிறகு மணிக்கட்டு மடிப்புக்கு நாலு விரல் மேலே தொடங்கி, பெருவிரலால் மெதுவாக உருவுங்கள். ஒரு ஓட்டத்துக்கு 10 விநாடி, உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று கோடு, கோட்டுக்கு மூன்று தடவை. இறுகிய முடிச்சு தட்டுப்பட்டால் அங்கே அழுத்தியபடி நிறுத்தி, மணிக்கட்டை ஐந்து தடவை மடக்கி நிமிர்த்துங்கள். நோ பத்துக்கு நாலைந்தைத் தாண்டக்கூடாது. மூச்சை அடக்குகிறீர்கள் என்றால் அழுத்தம் கூடிவிட்டது.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். கையைக் கவிழ்த்துப் பின்புறத்தையும் இதேபோல உருவுங்கள். கத்தரிக்கோலை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் தாங்குவது அந்தப் பின்தசைகள்தான். அவை விரல் தசைகளோடு சேர்ந்தே களைக்கின்றன. உருவும் பெருவிரலும் நொந்துபோகும், ஆகவே மொத்தம் 8 நிமிடம் போதும். பெருவிரல் சோர்ந்தால் மேசையில் ஒரு டெனிஸ் பந்தை வைத்து, அதன்மேல் முன்னங்கையை உருட்டுங்கள்.

கேள்வி: பிள்ளைக்கு நாலு மாதம். தூக்கும்போதெல்லாம் பெருவிரல் பக்க மணிக்கட்டு நோகிறது. அம்மா எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கிறா, கூடிக்கொண்டே போகிறது.

பதில்: பெருவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாயுங்கள். சுரீரென்று குத்தினால் பெருவிரல் தசைநாண்களின் உறை தடித்திருக்கக்கூடும். டி குவெர்வெய்ன் நோ என்பார்கள். குறுகிய உறைக்குள் உரசுகிற நாணை மேலும் உரசினால் கூடத்தான் செய்யும். அம்மாவின் கையை முன்னங்கைப் பின்புறத்துக்கு மாற்றிவிடுங்கள். நோகும் இடத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம். பெருவிரலை விரித்துப் பிள்ளையின் கக்கத்தில் கொடுத்துத் தூக்காமல், ஒரு கையைப் பிட்டத்துக்குக் கீழும் மற்றதை முதுகுக்கும் கொடுத்து அள்ளுங்கள். மருந்தை விட இது பெரிது. மூன்று வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். பெருவிரலை அசையாமல் வைக்கும் பட்டி தேவைப்படலாம்.

கேள்வி: இரவில் கை விறைத்து எழும்பிவிடுகிறேன். உதறினால் சரியாகிறது. உருவலாமா?

பதில்: எந்த விரல் என்று பாருங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டுச் சுரங்கத்தில் நடு நரம்பு நெருக்கப்படக்கூடும். ஒன்பது தசைநாண்களோடு அந்த நரம்பும் அதே ஒடுங்கிய வழியால்தான் போகிறது. அங்கே பெருவிரலால் குத்தி அழுத்த வேண்டாம். முன்னங்கையை மேலே சொன்னபடி உருவலாம். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டியே கூடுதலாக உதவும். சுண்டுவிரல் விறைத்தால் பெரும்பாலும் முழங்கைதான் காரணம், மடக்கிப் படுக்காதீர்கள். பொருட்கள் கைநழுவினால், பெருவிரலடி மேடு வற்றினால், காத்திருக்கவே வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். நீரிழிவும் தைரொயிட்டும் சோதித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து முழங்கையின் வெளிப்புறம் நோகிறது.

பதில்: வெளி எலும்பு மொழிக்கு ஒரு விரல் கீழே, எண்ணெய் இல்லாமல், நாருக்குக் குறுக்கே சுட்டுவிரலால் 3 நிமிடம் தேய்யுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் மேல் வழுக்கக்கூடாது, தோலும் விரலும் சேர்ந்தே அசைய வேண்டும். மண்வெட்டிப் பிடி கைக்கு மெல்லிதாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க நேரும். துணி சுற்றித் தடிப்பாக்குங்கள்.

கேள்வி: நல்லெண்ணெயா, வேப்பெண்ணெயா?

பதில்: தோலுக்கு ஒத்த எதுவும். எண்ணெய் உரசலைக் குறைக்கத்தான். எரிகிற தைலம் பூசிய இடத்தில் ஒத்தடம் கொடுக்காதீர்கள், கொப்பளிக்கும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடே வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, கை உளைகிறது என்கிறார்.

பதில்: டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய் இணைத்த கையை உருவவே வேண்டாம், அதில் இரத்த அழுத்தமும் அளக்க விடாதீர்கள். மற்றக் கையை மெல்ல நீவலாம். சிகிச்சை நடந்த அன்று அதுவும் வேண்டாம்: இரத்தம் உறையாத மருந்து கொடுத்திருந்தால் சிறு அழுத்தத்துக்கும் கன்றிப்போகும்.