அம்பாசடரும் இன்ஜின் லைட்டும் – கடிதம்

வணக்கம் ஐயா,

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள். ஒன்று அப்பா வைத்திருக்கும் 1978 மாடல் அம்பாசடர், இன்னமும் ஓடுகிறது. மற்றது நான் 2017-இல் வாங்கிய டீசல் கார். போன மாதம் இதில் இன்ஜின் லைட் எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், பம்ப் எல்லாவற்றையும் மாற்றவேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். "அந்தக் காலத்து இரும்பு வேறடா" என்று அப்பா சிரிக்கிறார். உண்மையா? சீக்கிரம் கெட்டுப்போகட்டும் என்றே இப்போது கார் செய்கிறார்களா?

எம்., திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: அந்த வண்டியின் இன்ஜினை இதுவரை எத்தனை முறை கீழே இறக்கியிருக்கிறார்? ஒரே தடவை என்றால் நான் நம்பமாட்டேன். சிலிண்டரை போர் போட்டு, பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, தரையில் ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்து, டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து... 1978-இல் உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து வந்ததில் பாதியாவது அதில் மிச்சமிருக்குமா என்பதே சந்தேகம்தான்.

அந்தக் கால இரும்பு மட்டம் என்று சொல்லவரவில்லை. இன்ஜின் சீக்கிரம் தேய்ந்ததற்குப் பெரிய காரணம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து உள்ளே அனுப்பும் கார்புரேட்டர். காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் தேவைக்கு மேல் பெட்ரோல் உள்ளே போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். அந்தச் சுவரில் ரிங் உரசும். தினமும் இது நடந்தால் சில வருடங்களில் வண்டி புகைவிட்டு ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். போதாததற்கு பெட்ரோலில் ஈயம். அது பிளக்கில் போய்ப் படியும். நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் வந்ததே 2000-இல்தான். இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர் அளந்துதான் எரிபொருளை விடுகிறது. ஆயிலின் தரமும் எங்கேயோ போய்விட்டது. பழைய வண்டிகள் பலவற்றின் மீட்டரில் ஐந்து இலக்கம்தான், 99,999-ஐத் தாண்டினால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். லட்சத்துக்கு மேல் ஓடும் என்று அதைச் செய்தவர்களே பெரிதாக எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. இப்போது இன்ஜினைத் திறக்காமலே இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டாக்ஸிகளைச் சாதாரணமாகப் பார்க்கிறோம்.

அப்புறம், அன்றைக்கு வேறு வழியும் இல்லை. புதுக் கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். மாருதி 800 வந்ததே 1983 டிசம்பரில். கையில் இருப்பதை எப்படியாவது ஓட்டியாக வேண்டும், மெக்கானிக்கின் கூலியும் குறைவு. அப்படி யாரும் பார்த்துக்கொள்ளாத வண்டிகள் என்ன ஆயின? ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம் சென்னையில் செய்த கார். கடைசியாக எப்போது ஒன்றைச் சாலையில் பார்த்தீர்கள்? காயலான் கடைக்குப் போனவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கெட்டித் தகடு, மோதினாலும் ஒன்றும் ஆகாது என்றும் அப்பா சொல்லக்கூடும். 2009-இல் அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1959 செவ்ரோலே பெல் ஏரையும் 2009 செவ்ரோலே மாலிபுவையும் எதிரெதிரே மோதவிட்டது. அந்த வீடியோவை அவருக்குக் காட்டுங்கள். பெல் ஏரில் ஓட்டுநர் உட்காரும் இடமே நசுங்கிவிட்டது. மாலிபுவில் முன்பகுதி சுருங்கி அடியை வாங்கிக்கொள்ள, உள்ளே இருந்த பொம்மை பெரிய அடியில்லாமல் தப்பியது.

ஆனால் ரிப்பேர் விஷயத்தில் அப்பா கட்சிதான் நானும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களை நினைத்துப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் போகும் வயரிங், ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், ஏர்பேக் மாட்யூல் எல்லாம் தண்ணீர் குடித்துவிட்டால் இன்ஜினைக் காப்பாற்றியும் பிரயோஜனம் இல்லை, இன்சூரன்ஸ்காரர் 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடுவார். அம்பாசடர் நனைந்தால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் துடைத்து, பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, ஆயிலை மாற்றிப் பெரும்பாலும் கிளப்பிவிடலாம். இன்றைய கார் அடிக்கடி நிற்பதில்லை. நின்றால் மரத்தடி மெக்கானிக்கால் ஒன்றும் செய்யமுடியாது. பத்து வருடத்தில் ஒரு பாகத்தின் விலை காரின் விலையில் பாதியைத் தொடும்போது உரிமையாளரே கைகழுவிவிடுகிறார்.

வேண்டுமென்றே கெட்டுப்போகும்படி செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 2024-இல் 12 ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. 1970களில் அதில் பாதிதான். ஆனால் சின்னப் பழுதுக்குக்கூட மொத்தமாகக் கழற்றி மாற்றும்படி பாகங்களைச் சேர்த்துச் செய்கிறார்கள், அதில் எனக்குக் கோபம் உண்டு.

உங்கள் ஒன்றரை லட்சத்துக்கு வருகிறேன். டீசல் பம்ப் வேலை மட்டும் பார்க்கும் கடைகள் உங்கள் ஊர்ப் பக்கமும் இருக்கும். இன்ஜெக்டர்களைக் கழற்றித் தனித்தனியாக டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பல சமயம் ஒன்றுதான் போயிருக்கும், அதையும் சரிசெய்ய முடியும். அதற்கு முன்னால் டீசல் ஃபில்டரைத் திறந்து பார்க்கவேண்டும். உள்ளே மினுமினுவென்று இரும்புத் தூள் கிடந்தால் பம்ப் தேய்ந்து உதிர்கிறது என்று அர்த்தம். அப்படியானால் ஒர்க்‌ஷாப்காரர்கள் சொல்வதுதான் சரி, பம்பிலிருந்து இன்ஜெக்டர்வரை மாற்றத்தான் வேண்டும். தூள் இல்லையென்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.