எடை குறைய வாரம் ஒருமுறை போடும் ஊசிக்குப் பிறகு கை, கழுத்தில் தடிப்பு வந்து போனது. அடுத்த டோஸ் போடலாமா?

டாக்டரைப் பார்க்காமல் போடாதீர்கள். குத்திய இடத்தில் மட்டும் சிவந்து அரித்தால் அது வேறு. பலருக்கும் வருவது, ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குத்தாமல், வாராவாரம் இடத்தை மாற்றிப் போட்டால் குறையும். உங்களுக்கோ குத்தாத இடத்தில் வந்திருக்கிறது.

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. வீடு ஏற்காட்டில், காப்பித் தோட்டத்துக்குள். சர்க்கரைக்காகப் போட்ட ஊசி. ஐந்தாவது வாரம் டோஸைக் கூட்டினார்கள். காலையில் போட்டேன், சாயங்காலம் முதுகெல்லாம் தடிப்பு. அம்மா பார்த்த உடனே "காணாக்கடி" என்று வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்தார். இங்கே பூச்சிக்கா பஞ்சம்? நானும் மென்றுகொண்டே டிவி பார்த்தேன். ராத்திரி உதடு வீங்கி, குரல் கம்மியது. அப்போதுதான் மனைவி, "காலைல ஊசி போட்டீங்கல்ல?" என்றாள்.

சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. (ஊசியால் வந்த வினைக்கு இத்தனை ஊசி!) பனிமூட்டம் வேறு. கீழே போனதும் தொடையில் அட்ரினலின் போட்டார்கள், ஒரு நாள் படுக்க வைத்தார்கள். அடங்கினாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாமாம். அப்புறம் திட்டும் கிடைத்தது. மேலேயே அரசு மருத்துவமனை இருக்க, 108 இருக்க, உதடு வீங்கியவனைக் காரில் போட்டு மலை இறக்குவதா என்று. அவில் மாத்திரை அரிப்பைத்தான் அடக்கும், தொண்டை வீக்கத்துக்கு அதை நம்பக் கூடாது என்றும் சொன்னார் டாக்டர்.

எடைக்கும் சர்க்கரைக்கும் வாராவாரம் போடும் ஊசி மருந்துகளான செமக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டுக்குமே இந்தக் கடுமையான அலர்ஜி அரிதாக வரும் என்று ஊசிப் பெட்டிக்குள் வரும் குறிப்புத் தாளிலேயே இருக்கிறது. இவை மெல்ல ஊறும் மருந்துகள். செமக்ளூடைடு உடம்பில் பாதியாகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் 'போட்டு இவ்வளவு நேரம் ஆச்சே' என்று ஊசியைக் கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள், நாங்கள் விட்ட மாதிரி. ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாகவே இன்னொன்றுக்கும் மாறாதீர்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம்.

தடிப்பை போட்டோ எடுத்தீர்களா? டாக்டரிடம் போகும்போது அதையும், ஊசி அட்டைப்பெட்டியையும், போட்ட நேரம், தடிப்பு வந்த நேரம் இரண்டையும் எழுதி எடுத்துப் போங்கள். அதற்குள் உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு திணறினால், தலை சுற்றினால் உடனே 108.