தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சிறுநீரில் கிருமி: மருந்தில்லாமல் சரியாகுமா?

ஐந்து மாதப் பெண் குழந்தை, காய்ச்சல், யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற பாக்டீரியா. தாய்ப்பால்தான் குடிக்கிறாள், அவள் உடம்பே சமாளித்துக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ச்சலோடு வந்திருப்பதால் ஆன்டிபயாட்டிக் கட்டாயம் வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

உடம்பு சமாளிக்கப் பார்க்கிறது என்பது உண்மைதான். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஈ.கோலை ஒட்டாமல் மிதந்தால் அடுத்த முறை சிறுநீர் போகும்போதே வெளியேறிவிடும். அதனால் தன் மேலிருக்கும் மெல்லிய இழைகளால் சிறுநீர்ப்பைச் சுவரில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். அதே சர்க்கரையைச் சுமக்கும் யூரோமோடுலின் என்ற புரதத்தைச் சிறுநீரகம் சிறுநீரில் கலந்துவிடுகிறது. டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இரு விஞ்ஞானிகள் 1950இல் பிரித்தெடுத்த புரதம். கிருமி சுவரென்று நினைத்து அதைப் பற்றிக்கொண்டு சிறுநீரோடு போய்விடும். அதையும் தாண்டி ஒட்டிவிட்டால், சிறுநீர்ப்பையின் மேலடுக்குச் செல்கள் கிருமியோடு சேர்ந்தே உதிரும்.

தாய்ப்பாலும் உதவுகிறது. அதிலுள்ள ஒலிகோசாக்கரைடுகள் என்ற சர்க்கரைகள் குடலில் நல்ல பாக்டீரியாவை வளர்க்கின்றன. ஈ.கோலை பெரும்பாலும் குழந்தையின் குடலிலிருந்துதானே வருகிறது! தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இந்தத் தொற்று குறைவு என்று ஸ்வீடனில் நடந்த ஆய்வு காட்டியது. குறைவுதான், வராது என்றில்லை.

இத்தனையையும் மீறிக் காய்ச்சல் வந்திருக்கிறதென்றால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். தாமதித்தால் அங்கே தழும்பு விழும் ஆபத்து உண்டு. கைக்குழந்தைக்குக் காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறியே இல்லாமலும் போகலாம்.

"எங்கள் குழந்தைக்குத் தானாகவே போய்விட்டது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். காய்ச்சலே இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது தனி விஷயம், அதற்குப் பொதுவாக மருந்து தருவதில்லை. தோலில் ஒட்டும் பிளாஸ்டிக் பையில் பிடித்த சிறுநீர் மாதிரியில் தோலின் கிருமி கலந்து தப்பாகக் காட்டுவதும் நடக்கும். உங்கள் குழந்தையின் சிறுநீர் மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக எடுத்தது என்றால் நம்பலாம்.

மருந்து தரும் நாட்களில் பாலை நிறுத்தாதீர்கள். காய்ச்சல் விட்டாலும் டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தை முழுதாகக் கொடுங்கள். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால் திரும்பக் காட்ட வேண்டும். அப்புறம், சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.