பட்டறை பதில்கள்: மட்கார்டுக்குப் பேப்பர் எடுப்பது எப்படி?

கேள்வி: அப்பா ஓட்டிய அம்பாசிடர் இன்னும் எங்களிடம் இருக்கிறது. இடது முன் மட்கார்டின் கீழ்ப்பாதி துருப்பிடித்து உதிர்கிறது. வலது பக்கம் நன்றாக இருக்கிறது. "அதைப் பார்த்துத் தட்டிவிடலாம், பேட்டர்ன் எடுத்து வையுங்கள்" என்கிறார் டிங்கர். எப்படி எடுப்பது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: நல்ல டிங்கர் அமைந்திருக்கிறார் அம்மா, விட்டுவிடாதீர்கள். உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் 2014-இலேயே நின்றுபோனது. பழைய மட்கார்டைத் தேடி கோயம்புத்தூர் வரை அலைந்தாலும், கிடைப்பதில் கீழ்ப்பாதி பெரும்பாலும் உங்களுடையது மாதிரியேதான் இருக்கும். உள்ளே அப்பும் சகதி நம் ஊர் ஈரத்தில் காய்வதே இல்லையே.

பேட்டர்ன் என்று பொதுவாகச் சொன்னாலும் எடுக்க வேண்டியது இரண்டு. எவ்வளவு தகடு வேண்டும் என்பதைப் பேப்பர் சொல்லும். அது எவ்வளவு வளைய வேண்டும் என்பதை டெம்ப்ளேட் சொல்லும். பேப்பரை மட்டும் கொடுத்தால் எங்கே தட்டுவதை நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது.

பேப்பருக்கு, டீ ஃபாக்டரியில் தூள் கட்டும் பிரவுன் பேப்பர் சாக்கின் ஒரு தாளைப் பிரித்து எடுங்கள். அதை வலது மட்கார்டின் மேல் விரித்து, பழைய ஸ்பீக்கர் காந்தங்களால் நிறுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக்கொண்டே போங்கள். ஓரத்தில் பேப்பர் சுருங்கி மடிப்பு விழும் இடம் எல்லாம் தகடு மிச்சமாகும் இடம். தையல்காரராக இருந்தால் டார்ட் பிடித்து ஒளித்துவிடுவார். டிங்கருக்கு அந்த வசதி இல்லை. விளிம்பில் மடிப்பெடுத்து, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அதைத் தனக்குள்ளேயே அடித்து அமுக்க வேண்டும். அதனால் அங்கே வட்டம் போட்டு 'சுருக்கு' என்று எழுதுங்கள். சக்கர வளைவு ஓரத்தில் நேர்மாறாக இருக்கும். பேப்பர் படியாமல் விறைத்து நிற்கும். கத்தரியால் ஒரு கீறல் போட்டால் வாய் பிளந்துகொண்டு படியும். பிளந்த இடத்தில் அடியில் வேறு துண்டு ஒட்டி 'இழு' என்று எழுதுங்கள். இந்த இரண்டு சொல்தான் டிங்கருக்கு வேண்டியது, அழகான கோடுகள் அல்ல.

மூடுபனி நாளில் மட்டும் இந்த வேலை வேண்டாம். பேப்பர் ஈரம் குடித்து நீளும், டேப்பும் குளிர்ந்த தகட்டில் ஒட்டாது. வெயில் ஏறியபின் எடுத்து, அன்றைக்கே எண்ணெய் டின்னைப் பிரித்த தகட்டில் வரைந்து வெட்டிவிடுங்கள். மடிப்பு ஓரத்துக்கு அரை அங்குலம் கூடுதலாக விடுங்கள்.

அப்புறம் டெம்ப்ளேட். கதவு இடுக்கிலிருந்து அளந்து, 4 அங்குலத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு. ஒவ்வொரு கோட்டிலும் கெட்டி அட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, காம்பஸின் ஒரு கால் மட்கார்டில் உரச, பென்சில் கால் அட்டையில் வரையட்டும். காம்பஸைத் திருப்பாமல், விரிப்பை மாற்றாமல் இழுங்கள். வெட்டி, நம்பர் போடுங்கள். பழைய டீப்பெட்டி பிளைவுட் வீட்டில் கிடந்தால் அட்டையைவிட அது உசத்தி.

இடது பக்கத்துக்கு எல்லாவற்றையும் புரட்டிப் பிடிக்க வேண்டும். அட்டை சாய்ந்திருந்தால் புரட்டும்போது குட்டு வெளிப்படும். தட்டிய தகட்டில் டெம்ப்ளேட்டை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தகடு இன்னும் எழும்பவில்லை. இரு முனையில் தெரிந்தால் அளவுக்கு மேல் வளைந்துவிட்டது. பட்டி பூசிச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: தகடு 18 கேஜா, 20 கேஜா?
- வாசகர், குன்னூர்

பதில்: நம்பர் கூடக்கூடத் தகடு மெலிசு. 20 கேஜ் ஏறக்குறைய 0.9 மி.மீ. பழைய பாகத்தில் துரு இல்லாத இடத்தில் பெயின்டைச் சுரண்டி மைக்ரோமீட்டரில் அளந்து, அதே கனத்தில் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) கேளுங்கள். துருப்பிடிக்காதே என்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய தகடு) வாங்கிவிடாதீர்கள். வெல்டிங் வைக்கும்போது கிளம்பும் துத்தநாகப் புகையில் காய்ச்சலே வந்துவிடும்.